ஓர் ஆயுளுக்குக் கணக்குப் போடும் வேலை

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இப்போது விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்த ஒரு பெண் இப்போது இங்கிலாந்தில் சொலிசிட்டராக இருக்கிறாள். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வாள். அந்த வருடத்துப் பிள்ளைகள் யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள். அவள் எடுப்பது ஒரே மாதிரி வழக்குகள்தான். முதுகுத்தண்டு உடைந்தவர்கள், தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்டவர்கள், கை கால் இழந்தவர்கள், பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளை பாதித்த குழந்தைகள். இவர்களுக்காகவும் இவர்கள் குடும்பத்துக்காகவும் வழக்கு நடத்துகிறாள்.

போன மாதம் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் அவளுடைய பெரியப்பா, “வேற ஒண்ணுமில்ல, நம்ம ஊர்ல ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பாங்களே, அந்த ஆக்சிடெண்ட் கேஸ் வக்கீல் வேலைதான்” என்று சொல்லிச் சிரித்தாராம். அன்றிரவே எனக்குப் போன் செய்தாள். “டீச்சர், எங்க அம்மாவுக்கே நான் என்ன வேலை பாக்கறேன்னு புரியல. நீங்க எழுதினா அம்மா படிப்பாங்க” என்றாள். அவள் அனுப்பிய தீர்ப்புகளையும் நானாகத் தேடியவற்றையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். படித்ததில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். பெரியப்பாவும் படிப்பார் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். இங்கிலாந்தில் வக்கீல்கள் இரண்டு வகை. கறுப்பு அங்கியும் பொய்முடியும் போட்டுக்கொண்டு நீதிபதி முன் நின்று வாதாடுபவர் பாரிஸ்டர். காந்தி படித்தது அந்தப் படிப்பு. கட்சிக்காரரைச் சந்தித்து, ஆதாரம் திரட்டி, நிபுணர்களை ஏற்பாடு செய்து, எதிர்த்தரப்போடு கடிதப் போக்குவரத்து நடத்தி, வழக்கை ஆரம்பம் முதல் முடிவு வரை சுமப்பவர் சொலிசிட்டர். இன்றைக்கு சொலிசிட்டர்களும் சில கோர்ட்டுகளில் வாதாடலாம் என்றாலும் இந்தப் பிரிவு இன்னும் இருக்கிறது. 1922-இல் கேரி மோரிசன் என்பவர் முதல் பெண் சொலிசிட்டர் ஆகும்வரை அந்தத் தொழிலில் பெண்களே கிடையாது. அதற்கும் இந்தப் பதிவுக்கும் பெரிய சம்பந்தமில்லை. என் மாணவிக்காகச் சேர்த்துக்கொண்டேன்.

இனி சரித்திரத்துக்கு வருவோம்.

அடிபட்டவனுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்பது நமக்கு இன்று இயல்பாகத் தோன்றுகிறது. 200 வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் அப்படி இல்லை. ஒரு மனிதன் அடிபட்டால், அடித்தவன் மீது அவன் வழக்குப் போடலாம். அவன் செத்துப்போனால், அவன் குடும்பம் நஷ்டஈடு கேட்க முடியாது. 1808-இல் ஒரு தீர்ப்பு இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதாவது ஒருவனை முடமாக்கினால் பணம் கட்ட வேண்டும், கொன்றே போட்டால் குடும்பத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்!

இன்னொரு வினோதமும் இருந்தது. ஒருவன் சாவுக்குக் காரணமான பொருளை, அது மாடோ வண்டிச் சக்கரமோ, அரசுக்குப் பறிமுதல் செய்யலாம், அல்லது அதன் மதிப்பை அபராதமாக வாங்கலாம் என்று நூற்றாண்டுகளாக ஒரு பழைய வழக்கம். அதற்கு ‘டியோடாண்ட்’ என்று பெயர், கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது என்று பொருள். மாட்டுவண்டிக் காலத்தில் யாருக்கும் உறுத்தவில்லை. ரயில் வந்தது. 1841 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், லண்டனுக்கு மேற்கே சோனிங் என்ற இடத்தில் மண் சரிந்து ரயில் தடம் புரண்டது. திறந்த பெட்டிகளில் வந்த ஏழைத் தொழிலாளிகள் செத்தார்கள். விசாரணை ஜூரிகள் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 1,000 பவுண்டு டியோடாண்ட் விதித்தார்கள், பிறகு அது ரத்தானது. ரயில் கம்பெனிகள் பயந்துபோயின. 1846-இல் பாராளுமன்றம் இந்தப் பழைய வழக்கத்தை ஒழித்தது. அதற்கு ஈடாக, இறந்தவரின் மனைவி மக்கள் நஷ்டஈடு கேட்கலாம் என்று இன்னொரு சட்டத்தையும் கொண்டுவந்தது. 9 வருடம் கழித்து, 1855-இல், அதே சட்டம் நம் நாட்டிலும் போடப்பட்டது.

செத்தவர் குடும்பத்துக்கு ஒரு வழி பிறந்தது. உயிரோடு முடமானவருக்கு? அவர் தொழிலாளியாக இருந்தால் கதவு அடைத்தே இருந்தது. அடைத்தது 1837-இல் வந்த பிரீஸ்ட்லி வழக்கு. பிரீஸ்ட்லி ஒரு கசாப்புக் கடைக்காரரிடம் வேலை பார்த்தவர். அளவுக்கு மீறி இறைச்சி ஏற்றிய வண்டி உடைந்து விழுந்து அவர் தொடை எலும்பு முறிந்தது. ஜூரிகள் 100 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். மேல் கோர்ட்டில் அபிஞ்சர் பிரபு அதை ரத்து செய்தார். அவர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். இதற்கெல்லாம் முதலாளியைப் பொறுப்பாக்கினால், வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்துப்போட்டதற்கும், சமையல்காரர் சட்டியைச் சரியாகக் கழுவாததற்கும் முதலாளி மீது வழக்கு வருமாம்! எங்கள் ஸ்டாஃப் ரூமில் இப்படிப்பட்ட வாதங்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன், ஆனால் அவை யார் தொடையையும் பாதித்ததில்லை.

இதிலிருந்து வளர்ந்ததுதான் ‘சக ஊழியர் விதி’. உன்னோடு வேலை செய்கிறவனின் தவறால் நீ அடிபட்டால், அந்த ஆபத்தைத் தெரிந்தேதான் நீ வேலைக்குச் சேர்ந்தாய், முதலாளி பொறுப்பில்லை. சுரங்கத்தில் பக்கத்து ஆள் விளக்கைத் தப்பாக ஏற்றி நீ வெந்தாலும் இதே பதில். இதோடு இன்னொன்றும் உண்டு. உன் பக்கம் கொஞ்சம் கவனக்குறைவு இருந்தாலும் ஒரு காசு கிடையாது. 1897-இல் ஜோசப் சேம்பர்லின் முயற்சியால் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், யார் தவறு என்று பார்க்காமல், வேலை செய்ய முடியாதவருக்குப் பாதிச் சம்பளம், வாரம் அதிகபட்சம் 1 பவுண்டு என்று கொடுத்தது. நம் 1923-ஆம் வருடத்துச் சட்டத்துக்கு அதுதான் தாய். இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில்தான் பெரிய பூட்டுகள் உடைந்தன. 1945-இல், உன் பங்குத் தவறுக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டு மீதியைக் கொடு என்று சட்டம் வந்தது. 1948-இல் சக ஊழியர் விதி ஒழிந்தது. 1949-இல் ஏழைகளுக்கு அரசுச் செலவில் சட்ட உதவி வந்தது. பிரீஸ்ட்லி தீர்ப்புக்கும் சக ஊழியர் விதி ஒழிந்ததற்கும் இடையில் 111 வருடம்.

உரிமை கிடைத்தாயிற்று. எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. என் மாணவியின் வேலை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு கதை சொல்ல வேண்டும். அந்தக் கதையில் வருகிறவர்கள் என் வயதுக்காரர்கள்.

நான் பிறந்தது 1960. அந்தச் சமயத்தில் பிரிட்டனில் கர்ப்பிணிகளுக்கு வாந்தி, தூக்கமின்மைக்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஜெர்மனியில் க்ரூனெந்தால் என்ற கம்பெனி கண்டுபிடித்தது. தாலிடோமைடு என்று மருந்தின் பெயர். பிரிட்டனில் 1958 ஏப்ரலில் ‘டிஸ்டாவல்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது டிஸ்டில்லர்ஸ் கம்பெனி. ஆமாம், விஸ்கி காய்ச்சும் அதே கம்பெனிதான், மருந்திலும் இறங்கியிருந்தது. 1961 கடைசியில் ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் டாக்டர்கள் எச்சரித்த பிறகு நிறுத்தினார்கள். அதற்குள் பிரிட்டனில் மட்டும் நூற்றுக்கணக்கான குழந்தைகள் கை இல்லாமலும், தோளிலிருந்து நேராக விரல்கள் முளைத்தும், கால் இல்லாமலும், சிலர் கண் தெரியாமலும் காது கேளாமலும் பிறந்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, ஆதாரம் போதாது என்று அனுமதிக் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டே இருந்தார். அதனால் அந்த நாடு பெரும்பாலும் தப்பியது. அந்த அம்மாவைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத ஆசை.

பெற்றோர்கள் வழக்குக்குப் போனார்கள். இப்போது உங்களை அவர்களுடைய சொலிசிட்டர் இடத்தில் வைத்துப் பாருங்கள். கையில்லாத குழந்தை கண்முன் இருக்கிறது. மாத்திரையால்தான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் கோர்ட்டில் இரண்டு பெரிய பள்ளங்கள். கம்பெனி அலட்சியமாக இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். கர்ப்பத்தில் மருந்தைச் சோதிக்க வேண்டும் என்று அன்றைய விஞ்ஞானத்துக்கே தெரியாது என்று கம்பெனி சொல்லும். இரண்டாவது அதைவிட ஆழமானது. அடிபட்டபோது அந்தக் குழந்தை பிறக்கவே இல்லை. பிறக்காத ஒருவர் மீது யாருக்கும் சட்டக் கடமை உண்டா? இங்கிலாந்துக் கோர்ட்டுகள் அதுவரை அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதே இல்லை. தோற்றால் குழந்தைக்கு ஒன்றுமே மிஞ்சாது.

1968-இல் கம்பெனி ஒரு சமரசத்துக்கு வந்தது. வழக்கு முழுதாக ஜெயித்திருந்தால் எவ்வளவு கிடைக்குமோ அதில் 40 சதவீதம் தருகிறோம், அலட்சியம் என்ற குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுங்கள் என்றது. 62 குழந்தைகளின் வழக்கில் பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளச் சொல்லி ஆலோசனை சொன்ன வக்கீல்களைப் பின்னாளில் நிறையப் பேர் திட்டினார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாகத் திட்ட வரவில்லை. கையில் இருக்கும் 40-ஐ விட்டு, சட்டமே தெளிவாக இல்லாத 100-ஐத் துரத்து என்று, வீட்டில் அப்படி ஒரு குழந்தையை வைத்திருக்கும் தாயிடம் யார் தைரியமாகச் சொல்ல முடியும்? அதே சமயம் கம்பெனியின் சோதனை ஆவணங்களை இன்னும் கடுமையாகத் தோண்டியிருக்கலாமே என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது.

பிறகு இன்னும் நிறையக் குடும்பங்கள் வந்தன. மொத்தம் 389 கோரிக்கைகள். 1971-இல் கம்பெனி, 10 வருடத்தில் 32.5 லட்சம் பவுண்டு போடும் அறக்கட்டளை அமைக்கிறோம், ஆனால் எல்லாப் பெற்றோரும் ஒப்புக்கொண்டால்தான் என்றது. 5 பேர் மறுத்தார்கள். அவர்களில் ஒருவர் டேவிட் மேசன், ஓவியங்கள் விற்கும் வியாபாரி. இவ்வளவு குழந்தைகளுக்குப் பங்கு போட்டால் ஒருவருக்கு எவ்வளவு வரும்? மற்ற பெற்றோரின் கோபம், வக்கீல்களின் நெருக்கடி எல்லாம் அந்த 5 பேர் மேல் விழுந்தது. அவர்கள் சொந்தப் பிள்ளைகளின் சார்பில் வழக்கு நடத்தும் உரிமையையே அவர்களிடமிருந்து பறித்து, ஓர் அரசு அதிகாரியிடம் கொடுக்கச் சொல்லி மனுப் போட்டார்கள், முதல் கோர்ட்டில் உத்தரவும் வாங்கிவிட்டார்கள்! 1972 ஏப்ரலில் டென்னிங் பிரபுவின் அப்பீல் கோர்ட் அந்த உத்தரவை ரத்து செய்தது. பிள்ளைக்கு எது நல்லது என்று யோசித்து மறுத்த தகப்பனைத் தகுதியில்லாதவன் என்று தள்ள முடியாது என்பது அதன் சாரம்.

அந்த வருடம் செப்டம்பர் 24-இல் ஹெரால்டு எவன்ஸ் ஆசிரியராக இருந்த ‘சண்டே டைம்ஸ்’ இந்தக் குழந்தைகளுக்காகக் குரல் கொடுத்து எழுதியது. அடுத்து, மருந்து எப்படிச் சோதிக்கப்பட்டது என்ற கட்டுரையைப் போட முயன்றபோது, கோர்ட்டில் நிலுவையில் உள்ள விஷயம் என்று நவம்பரில் தடை வந்தது. காது கேளாத எம்.பி. ஜாக் ஆஷ்லி பாராளுமன்றத்தில் விவாதம் எழுப்பினார். கடைசியில் 1973 ஜூலையில் கம்பெனி சுமார் 2 கோடி பவுண்டுக்கு இறங்கி வந்தது. தாலிடோமைடு டிரஸ்ட் பிறந்தது. கருவில் ஏற்பட்ட பாதிப்புக்கு, உயிரோடு பிறந்த குழந்தை வழக்குப் போடலாம் என்று 1976-இல் சட்டம் வந்தது. பத்திரிகையின் வாயைக் கட்டியது தவறு என்று 1979-இல் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட், 11-க்கு 9 என்ற கணக்கில் சொன்னது.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள். கல்யாணம் செய்தார்கள், வேலைக்குப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள். கைக்குப் பதிலாகக் காலையும் பல்லையும் தோளையும் பயன்படுத்திய உடம்புகள் 40, 50 வயதில் தேய ஆரம்பித்தன. இடுப்பு போயிற்று, கழுத்து போயிற்று. 1973-இல் கணக்குப் போட்டவர்கள் யாரும் இதை எண்ணவில்லை. டிஸ்டில்லர்ஸின் வாரிசாக வந்த தியாஜியோ கம்பெனி மேலும் பணம் போட வேண்டியிருந்தது. 2010-இல் பிரிட்டிஷ் அரசு மன்னிப்புக் கேட்டு, சுகாதார மானியமும் கொடுக்க ஆரம்பித்தது. எனக்கு மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. காலால் தேநீர்க் கோப்பையைத் தூக்கிப் பழகிய என் வயதுக்காரர் ஒருவருக்கு இடுப்பு வலித்தால் என்ன ஆகும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இதே கேள்வி இன்னொரு வழக்கில் இன்னும் கூர்மையாக வந்தது. 1973 மார்ச் 1. மலேசியாவிலிருந்து வந்து லண்டனில் மனநல மருத்துவராக இருந்த 36 வயதுப் பெண் ஒருவருக்கு ஒரு சிறிய ஆபரேஷன். அது முடிந்தபின் இதயம் நின்றது. உயிர் பிழைத்தார், மூளை மீளவில்லை. படித்த, சம்பாதித்த, கெட்டிக்கார மனுஷி, கடைசிவரை இன்னொருவர் கவனிப்பில். 1977-இல் நீதிபதி 2,43,309 பவுண்டு கொடுத்தார். அந்தக் காலத்துக்கு அது தலைசுற்றும் தொகை. 1979-இல் பிரபுக்கள் சபை அதில் கொஞ்சம் குறைத்தது. தீர்ப்பு எழுதிய ஸ்கார்மன் பிரபு மனம் விட்டு ஓர் உண்மையைச் சொன்னார். எதிர்காலத்தைப் பற்றிய எங்கள் கணிப்பு தப்பாகும் என்பது ஒன்றுதான் நிச்சயம் என்ற கருத்தில் எழுதினார். மொத்தமாக ஒரு தடவை பணம் கொடுத்து முடிக்கும் முறையே கோளாறு, அதை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை என்றார்.

ஏன் கோளாறு என்பதைக் கணக்குப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு 20 வயது. கழுத்துக்குக் கீழே அசைவில்லை. இன்னும் 50 வருடம் வாழ்வாள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கவனிப்புக்கு வருடம் 1 லட்சம் பவுண்டு ஆகும். மொத்தத் தொகை 50 லட்சமா? இல்லை. இன்றே மொத்தமாகக் கொடுத்தால் அதற்கு வட்டி வரும், அதைக் கழிக்க வேண்டும். விலைவாசி ஏறும், அதைச் சேர்க்க வேண்டும். விலைவாசி போக மிஞ்சும் வட்டி எவ்வளவு என்று அரசே ஒரு விகிதத்தை நிர்ணயிக்கிறது. 2001 முதல் அது 2.5 சதவீதம். அதன்படி வருடக் கடைசியில் பணம் எடுப்பதாக வைத்துக்கொண்டால் அவளுக்குச் சுமார் 28 லட்சம் பவுண்டு. 2017-இல் அந்த விகிதத்தை மைனஸ் 0.75 ஆக்கினார்கள். அதாவது பத்திரமாகப் போட்ட பணம் விலைவாசியை எட்டிப்பிடிக்காது என்று அர்த்தம். அதே பெண்ணுக்கு இப்போது சுமார் 61 லட்சம். 2019-இல் மைனஸ் 0.25. 2025 ஜனவரியில் பிளஸ் 0.5, அதன்படி சுமார் 44 லட்சம். காயம் ஒன்று, ஆள் ஒன்று, தேதி மட்டும் வேறு. ஒரு தசமப் புள்ளி எத்தனை வருடக் கவனிப்பைச் சாப்பிடுகிறது பாருங்கள். தசமத்தில் அலட்சியமாக இருந்தவர்களை நான் பெஞ்சு மேல் ஏற்றியது நினைவிருக்கிறதா?

இந்தப் பெருக்கு எண்களை அச்சடித்த அட்டவணைக்கு ஓக்டன் அட்டவணை என்று பெயர். மைக்கேல் ஓக்டன் என்ற பாரிஸ்டர் தலைமையில் ஆயுள் கணக்கு நிபுணர்களும் வக்கீல்களும் சேர்ந்து 1984-இல் முதல் பதிப்பு போட்டார்கள். நீதிபதிகள் ரொம்ப நாள் முகம் சுளித்தார்கள், அனுபவத்தில் ஒரு பெருக்கு எண்ணைச் சொல்வதே போதும் என்றார்கள். 1998-இல்தான் பிரபுக்கள் சபை அதை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள் என்றது. நம் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயங்களில் வயதுக்குத் தக்கபடி 18, 17, 16 என்று பெருக்குகிறார்களே, அதுவும் ஒரு வகையில் இதற்குச் சொந்தம்தான். 1942-இல் வேல்ஸ் நாட்டு நிலக்கரிக் கம்பெனி ஒன்றின் வழக்கில் பிரபுக்கள் சபை காட்டிய வழியை 1994-இல் நம் உச்ச நீதிமன்றம் ஏற்று, 2009-இல் சர்லா வர்மா வழக்கில் அட்டவணையாகவே போட்டுக் கொடுத்தது.

மொத்தத் தொகைக்கு மாற்று வழியும் வந்தது. 1989-இல் முதன்முதலாக ஒரு வழக்கில், பணத்தின் ஒரு பகுதியை ஆயுள் முழுவதும் தவணையாகத் தரும் ஏற்பாடு நடந்தது. அப்போது இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. 2005 ஏப்ரல் முதல், ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நீதிபதியே உத்தரவிடலாம். 40 வயதில் செத்தாலும் 90 வரை வாழ்ந்தாலும் வருடா வருடம் பணம் வரும். அந்தத் தவணையை எதை வைத்து உயர்த்துவது என்று அடுத்த சண்டை. பொது விலைவாசிப்படி என்றது எதிர்த்தரப்பு. கவனிப்பாளர்களின் சம்பளம் விலைவாசியை விட வேகமாக ஏறுகிறதே என்றார்கள் அடிபட்டவர்களின் வக்கீல்கள். 2008-இல் அப்பீல் கோர்ட் இவர்கள் பக்கம் நின்று, கவனிப்பாளர்களின் சம்பளக் குறியீட்டுப்படி உயர்த்தலாம் என்றது. ஸ்கார்மன் பிரபு சொன்ன கோளாறுக்குக் கிடைத்த மருந்துகளில் இது பெரியது என்பேன்.

சரி, என் மாணவி தினமும் என்ன செய்கிறாள்? கேட்டேன். “பாத்ரூம் கதவோட அகலம் அளக்கறேன் டீச்சர்” என்றாள். விளையாட்டில்லை. சக்கர நாற்காலி நுழையுமா, நுழையாவிட்டால் சுவரை இடிக்க எவ்வளவு, வாடகை வீடாக இருந்தால் என்ன செய்வது. ராத்திரி எத்தனை முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அதற்கு ஒரு ஆள் போதுமா இரண்டு பேர் வேண்டுமா. இரண்டு பேர் என்றால் செலவு இரட்டிப்பு, எதிர்த்தரப்பு ஒருவர் போதும் என்றுதான் வாதிக்கும். செயற்கைக் கால் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபுணர் அறிக்கை. வழக்கு முடிய 5 வருடம் ஆகலாம், அதுவரை அந்தக் குடும்பம் என்ன செய்யும்? அதனால் முதல் சில மாதங்களிலேயே இடைக்காலத் தொகை கேட்டு வாங்கி, பிசியோதெரபி ஆரம்பிக்க வைப்பதுதான் நல்ல சொலிசிட்டருக்கு அடையாளம் என்கிறாள். சீக்கிரம் ஆரம்பித்தால் கொஞ்சமாவது மீளலாம். பணத்தை நிர்வகிக்க முடியாத அளவுக்கு மூளை பாதித்தவர் என்றால், அதற்கென்று உள்ள கோர்ட்டில் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். சொந்தக்காரர்களே வந்து சுரண்டிவிடக் கூடாது அல்லவா? இது எந்த ஊருக்கும் பொருந்தும்!

காலக்கெடுவும் உண்டு, 3 வருடம். குழந்தை என்றால் 21 வயது முடியும்வரை. தவறவிட்டால் வழக்கே போய்விடலாம். அவள் மேஜையில் இருப்பதில் அவளுக்கே பயமானது அந்தக் காலண்டர்தானாம்.

அம்மாக்கள் படிக்க வேண்டிய ஒரு விஷயம். பிள்ளையை அம்மா பார்த்துக்கொண்டால் அதற்கு என்ன காசு என்று நம் ஊரில் கேட்போம். 6 வயதுப் பையன் ஒருவன் லாரியில் அடிபட்டான். அவன் காலைக் கவனிக்க அவன் அம்மா செய்துகொண்டிருந்த வேலையை விட்டார். சம்பளம் போனது அம்மாவுக்கு, அடிபட்டது மகனுக்கு, அப்புறம் எப்படி மகன் கேட்கலாம் என்றது எதிர்த்தரப்பு. 1973-இல் அப்பீல் கோர்ட், கவனிப்பு தேவைப்பட்டதே மகனின் இழப்புதான், அது இலவசமாகக் கிடைத்தது என்பதால் இழப்பு இல்லாமல் போகாது என்றது. 1994-இல் பிரபுக்கள் சபை, அந்தப் பணத்தைக் கவனித்தவருக்காக வைத்திருந்து கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அதனால் என் மாணவி, அம்மா ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பதைக்கூட நோட்டுப் போட்டு எழுதி வைக்கச் சொல்கிறாள். முதலில் எந்த அம்மாவும் எழுத மாட்டார்களாம். “எம்புள்ளைக்குச் செஞ்சதுக்குக் கணக்கா?” என்று எல்லா மொழியிலும் ஒரே மாதிரிக் கேட்கிறார்களாம்.

பெரியப்பாவுக்கு ஒரு பதில் பாக்கி. வக்கீலுக்கு இதில் எவ்வளவு என்றுதானே அவர் சிரிப்புக்குப் பொருள்? நியாயமான கேள்விதான். அங்கே 2000-க்குப் பிறகு இந்த மாதிரிப் பெரும்பாலான வழக்குகளுக்கு அரசுச் சட்ட உதவி நின்றுவிட்டது. அதன் இடத்தை ஜெயித்தால்தான் கட்டணம் என்ற ஒப்பந்த முறை பிடித்தது. 2013 ஏப்ரல் முதல், ஜெயித்தால் வாங்கும் கூடுதல் கட்டணம் கட்சிக்காரரின் பணத்திலிருந்தே போகிறது. அதற்கு ஒரு வேலி போட்டார்கள். வலி வேதனைக்கான தொகையிலும் இதுவரை ஆன இழப்பிலும் 25 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. வருங்காலக் கவனிப்புக்கான பணத்தைத் தொடவே கூடாது. இந்த வேலி போதுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கோடிக்கணக்கில் வரும் வழக்கை எடுக்க ஆள் கிடைக்கும், அடி சின்னதாகப் பட்டவனுக்கு யார் வருவார்? அதற்கு என் மாணவியிடமும் நல்ல பதில் இல்லை. விளம்பரம் போட்டு ஆள் பிடிக்கும் கூட்டமும் அங்கே உண்டு என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஆனால் அவள் கட்சிக்காரர்களில் ஒருவருக்கு வாரம் 168 மணி நேரமும் ஆள் வேண்டும் என்று நிரூபிக்க அவள் இரண்டு வருடம் உழைத்திருக்கிறாள். அந்த 168 எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாம், 24-ஐ 7-ஆல் பெருக்குங்கள்.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஓக்டன் அட்டவணை பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எட்டாவது பதிப்பு 2020-இல் வந்தது. ஆர்வமுள்ளவர்கள் பாருங்கள். பார்க்காமலே போடக்கூடிய ஒரு கணக்கை வீட்டுப்பாடமாகத் தருகிறேன். வருடம் 80,000 பவுண்டு, 30 வருடம், விகிதம் 0.5 சதவீதம், பணம் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் எடுக்கப்படுகிறது. இன்றைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? அதே கணக்கை 2.5-க்கும் போட்டு, வித்தியாசத்தைக் கமெண்டில் எழுதுங்கள். கால்குலேட்டர் பயன்படுத்தலாம், படிகளைக் காட்ட வேண்டும்.